நீ வெளிய உக்காரு

அகரத்தில் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். என் குதிகாலில் கறுப்பாக ஒரு புண் ஆறாமலே இருந்தது. முள் குத்தியது என்றுதான் நினைத்தேன். மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். டாக்டரிடம் பேசும்போதெல்லாம் என் கணவர், "நீ வெளிய உக்காரு, நான் கேட்டுட்டு வாரேன்" என்பார். திரும்பி வந்து, "வெறும் கட்டிதான், சரியாப் போச்சு" என்பார். நம்பினேன்.

பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டியது. மறுபடி போய்ச் சோதனை செய்தோம்; அந்த முடிவையும் அவரே உள்ளே போய்க் கேட்டு வந்தார். அடுத்த தடவை போனபோது, அவர் டீ வாங்கப் போன நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் முறையாக நான் தனியாக உள்ளே போனேன்.

"தோல் புற்றுநோய் நெறிக்கும் பரவியிருக்கும்மா," என்றார் டாக்டர். "முழுசா குணமாகும்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுற ஊசி இருக்கு. அதுல சிலருக்குப் பல வருஷம் அடங்கியிருக்கு. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களாமே?"

நான் எப்போது சொன்னேன்? பூ எடுக்க வரும் பெண்கள் கொஞ்ச நாளாக என் முகத்தைப் பார்க்காமல் பேசியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

டீயோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் தடுமாறினார். "நீ ஒடஞ்சு போயிருவியேன்னுதான் புள்ள..."

"ஒடையுறது என் பாடு. எனக்கு வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். பலன் போகப் போகத்தான் தெரியுமாம். அவரும் கூடவே வருகிறார். டாக்டர் அறை வாசலில் மட்டும் நிறுத்திவிடுகிறேன்.

"நீங்க வெளிய உக்காருங்க. நான் கேட்டுட்டு வாரேன்."