டீக்கடை ஆணியில் எங்கள் காப்புக் கயிறுகள்

அஞ்சலை இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நம் குப்பத்து விழாக் குழுவுக்கான பக்கத்தில் யாரோ அவருடைய படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு எழுந்துபோய் வாய் கொப்பளித்துத் துப்பினேன்.

மாலைக்குள் கிழக்குக் கடற்கரைச் சாலைத் திருப்பத்தில் பிளக்ஸ் ஏறிவிட்டது. 'கடலன்னையின் செல்ல மகளே' என்று கொட்டை எழுத்து. படத்தை முழங்காலோடு வெட்டியிருந்தார்கள், வீங்கிய கால் தெரிந்தால் அசிங்கமாம். கண்ணீர் வடிப்போர் பட்டியலில் விழாக் குழுச் செயலாளர் என்று என் பெயரும் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன், நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர் விட்ட ஏலத்தில் மீன் எடுத்தவர்கள். திருவிடந்தைக்குத் தெற்கே நம் கரையில் காலையில் படகு ஏறியதும் முதலில் கேட்பது அவருடைய குரல்தான். வெறுங்காலோடு ஈரமணலில் நிற்பார். மீன் இறங்கும் மணலில் செருப்பு போடக்கூடாது என்பது வழக்கம். அந்தக் காலின் குதிகாலில்தான் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. கெளுத்தி முள் குத்திய வடு என்று இரண்டு வருடம் அதை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். செங்கல்பட்டில் காட்டியபோது தோல் புற்றுநோய் என்றார்கள். குதிகாலை அறுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, அரையில், தொடையிடுக்கில், நோய் பரவியிருந்த கட்டிகளையும் எடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், வேலை வெட்டி இல்லாதவன் என்று துணைக்கு என்னைத்தான் கூட்டிப்போனார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. அரைப்பகுதிக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பது நல்லது, வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம் வரவேண்டும் என்றார்.

"மறைக்காம சொல்லும்மா. இத்த செய்யாம வுட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டார் அஞ்சலை.

"திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். கரண்ட் வெச்சா அந்த இடத்துல திரும்ப வர்றது குறையும். வேற எங்கயும் வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக்கூடாது. முடிவு நீங்கதான் எடுக்கணும்."

முடிவெடுக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் குப்பமே டாக்டராகிவிட்டது. கரண்ட் வைத்தால் எலும்பு கருகிவிடும் என்றார் ஒருவர். இன்னொருவர் பச்சை நிறத்தில் நாற்றமெடுக்கும் எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டுவந்து தந்தார். கட்டிகளை எடுத்ததால் கால் வீங்கியிருந்தது. அதை யானைக்கால் என்று சொல்லி, அவர் தொட்ட கூடையைத் தொடாமல் நகர்ந்தவர்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேர் சாவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். 

எட்டாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏலத்துல ரொம்ப நேரம் யோசிச்சிகினு நின்னா மீனு நாறிப்பூடும் வாத்தியாரே. நான் கேட்டுட்டேன். கெளம்பு" என்றார்.

மாமல்லபுரம் ஒரு பஸ், திருக்கழுக்குன்றம் வழியாக இன்னொரு பஸ். மூன்றாவது வாரத்தில் அரையில் தோல் வெந்து உரிய ஆரம்பித்தது. உட்கார்ந்தால் உரசும் என்று காலியான பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இறுக்கமாக எதுவும் கட்டக்கூடாது. "நண்டு வெந்தா செவக்குது. நான் இன்னாடான்னா கறுத்துகினே போறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் ஆடித் திருவிழா வந்தது. வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்ட வேண்டும், கட்டியவர் பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அஞ்சலையின் புருஷன் போய் வெகுநாளாகிறது. மகள் வாழ்க்கைப்பட்டது கல்பாக்கத்தில். அந்த வீட்டில் அவரை விட்டால் ஆளில்லை. இந்த ஒரு தடவை என்னை விட்டுவிடுங்கள் என்று குழுவின் முன்னால் வந்து கேட்டார்.

"பத்து நாள்தானே அஞ்சல? அம்மனுக்கு மேல இன்னா கரண்ட்டு?" என்றார் தலைவர். காப்பு இல்லாத வீட்டு ஆள் ஏல மணலில் நிற்க முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன். டாக்டரம்மா சொன்னத்த கேட்டவன். நீ சொல்லு வாத்தியாரே."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "பத்து நாள்தானே" என்றேன்.

காப்பையும் நானே கட்டினேன். பெண்களுக்கு இறுக்கிக் கட்டுவோம். ஆண்களுக்குக் கை நுழைந்து வெளியே வரும்படி தளர்த்திக் கட்டுவோம். காரணம் ஆண்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லையில் இருக்கும் டீக்கடைச் சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவன், பத்திரப் பதிவுக்குப் போகிறவன், தலைவர் உட்பட, கயிற்றைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுப் பஸ் ஏறுவான். திரும்பி வந்து எடுத்துப் போட்டுக்கொள்வான். அம்மனை ஏமாற்ற எங்களுக்கு ஒரு ஆணி போதும். பெண்களிடம் இதை யாரும் சொன்னதில்லை.

ஏழாம் நாள் நான் செங்கல்பட்டிலிருந்து வந்து அந்த எல்லைத் திருப்பத்தில் இறங்கினேன். அஞ்சலை டீக்கடை முன்னால் நின்றிருந்தார். பஸ் போவதையாவது பார்க்கலாம் என்று காலை இழுத்து இழுத்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். ஆணியில் நாலைந்து மஞ்சள் கயிறுகள் தொங்கின. அவற்றைப் பார்த்தார். அப்புறம் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இதுல உன்னுது எது வாத்தியாரே?"

மூன்றாவது கயிற்றைக் காட்டினேன். புதுக் கண்ணாடி வாங்கத்தான் போய்வந்தேன் என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் கடைப் பக்கம் கை நீட்டினார். டீக்கடைக்காரரிடம் பால் கவர் வெட்டும் கத்திரியை வாங்கி, தன் காப்பை வெட்டி, அதே ஆணியில் மாட்டினார். மறுநாள் தனியாகப் பஸ் ஏறினார். டாக்டரம்மா திட்டிவிட்டு, கரண்ட் வைக்கும் கணக்கை மாற்றிப் போட்டு மீண்டும் ஆரம்பித்தார். மிச்சத்தில் ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. என்னைத் துணைக்குக் கூப்பிடவுமில்லை. ஏலத்தை வேறொருவருக்குக் கொடுத்தோம். ஆம், கொடுத்தோம்; தீர்மானத்தை எழுதியது என் கை.

மறு வருடம் நோய் நுரையீரலுக்கு வந்தது. விட்டுப்போன அந்த நாட்களால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதனாலதான்னு சொல்ல முடியாது சார். அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். தலைவர் இதில் முதல் பாதியை மட்டும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

அந்த வருடம் விழா முடிந்ததும் ஆண்கள் அவரவர் கயிற்றை எடுத்துப்போய்விட்டார்கள். ஒன்று மட்டும் ஆணியிலேயே கிடந்தது. மற்றவை முடிச்சு அவிழாத வளையங்கள், அது வெட்டிய கயிறு. அதை யாரும் தொடவில்லை. நான் எடுத்து வந்தேன். அன்றைக்கு வாங்கிய கண்ணாடியின் கூட்டுக்குள்தான் அது இருக்கிறது. பிளக்ஸைப் பார்த்த பிறகு செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடவில்லை. தினமும் காலையில் செய்தித்தாள் படிக்கக் கூட்டைத் திறக்கிறேன். மஞ்சள் வெளுத்த அந்தக் கயிற்றில் நான் இறுக்கிப் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது.