அப்பாண்டைராஜ் செய்த பெட்டி

வேங்கிக்காலில் செல்போன் பழுது பார்க்கும் அப்பாண்டைராஜுக்கு மனசில் இருப்பது வாயில் வராது. "போதும்ங்க, இந்த ஆராய்ச்சிய விட்டுடறேன்" என்று மனைவி சந்தனா சொன்ன அன்றும் அப்படித்தான். எழுந்து போய் பிளைவுட் வாங்கி வந்தார். கட்டிக்கொண்டவளுக்கு எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

சந்தனா கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, துரு நோயைத் தாங்கும் மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடியின் மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தார். செடியின் டிஎன்ஏவை ஜெல் என்னும் வழுவழுப்பான வில்லையில் ஓட்டினால் கோடு கோடாகப் பிரியும். சாயம் ஏற்றி நீல வெளிச்சம் காட்டினால் கோடுகள் மினுங்கும். அதைப் படமெடுக்கும் கருவி லட்சக்கணக்கில் விலை, கல்லூரியில் இல்லை. அது இருக்கும் வேலூருக்குப் பஸ் ஏறிப் போய்ச் சேருவதற்குள் கோடுகள் கலங்கிவிடும். பாவம், எத்தனை வருஷம்தான் அலைவது?

அந்தக் கருவியைப் பற்றிச் சந்தனா எப்போதோ சொன்னதை நினைவில் வைத்தே பெட்டி தயாரானது. உள்ளே கறுப்புப் பெயின்ட், நீல எல்இடி விளக்குகள், நீல வெளிச்சம் படத்தில் விழாமல் தடுக்க, போர்டு எழுதுகிற கடையில் வாங்கிய ஆரஞ்சு நிற அக்ரிலிக் தகடு, படமெடுக்க மேலே ஒரு பழைய செல்போன். கல்லூரிக்கு அவரே சுமந்து போனார்.

முதல் படம் சாம்பல் பூசினாற்போல் வந்தது. கோடே தெரியவில்லை. எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று சந்தனா பெட்டியைத் திருப்பினார். பின்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார் மனிதர்.

"இது எதுக்குங்க?"

"லைட்டப் பாத்து பூச்சி உள்ள பூந்துடும். வெளிய போக வழி வேணாமா?"

சோற்றில் பூச்சி விழுந்து செத்துவிடுமே என்று பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கும் தமிழ்ச் சமண நயினார் குடும்பம். இருட்டுப் பெட்டியில் ஓட்டை கூடாதென்று இவருக்கு யார் சொல்வது? கோபப்பட வாய் திறந்த சந்தனா சிரித்துவிட்டார். கண்ணும் கலங்கிவிட்டது. டேப் ஒட்டிவிடுகிறேன் என்றார் அப்பாண்டைராஜ், கூனிக் குறுகி. வேண்டாம் என்று சந்தனா தடுத்துவிட்டார்.

உள்ளே பூச்சி எதுவும் இல்லையே என்று இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அப்பாண்டைராஜ் ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார், சந்தனா படமெடுத்தார். இதுவும் வராவிட்டால் இவள் ஆராய்ச்சியை விட்டுவிடுவாளே என்று அவர் கையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

கறுப்பில் பச்சையாக, மெலிதாக ஒரு கோடு. வேலூரில் ஒருநாளும் கண்ணில் படாத, சந்தனா தேடிய கோடு.

சந்தனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு மிச்ச செடியையும் ஓட்டிப் பாக்கணும்" என்றார், சாதாரணமாக.

மரபணுவும் ஜெல்லும் அப்பாண்டைராஜுக்குக் கடைசிவரை புரியவில்லை. நாளைக்கு என்று அவள் சொன்னது புரிந்தது. பொத்திய கையை எடுக்காமலே தலையாட்டினார்.