ரத்தம் சுண்டிய கதை

லடாக் சுற்றுலா முடிந்து திருப்பூர் திரும்பிய மறுநாளே, சர்க்கரை வந்துவிட்டதோ என்ற பயத்தில் எங்கள் ஊர் ராயபுரத்தில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கே ரத்தம் எடுக்கும் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி நெற்றியில்தான். "ஊட்டுல இன்னைக்கு என்ன கொழம்புங்க?" என்று கேட்டு, நான் யோசிப்பதற்குள் ஊசியைக் குத்தி ரத்தத்தை எடுத்துவிட்டார். வருகிற எல்லோரிடமும் இதே கேள்விதான்.

முடிவைப் பார்த்ததும் சிரித்தார். "சர்க்கரை இல்லீங்க. ரத்தந்தான் கெட்டியா இருக்குது. ஒசரமான மலைக்குப் போயிருந்தீங்களா? அடிக்கடி ஒண்ணுக்குப் போனீங்களா?"

"ஆமாங்க. பஸ்ஸை நிறுத்தச் சொல்லியே மானம் போச்சுங்க."

"ஆக்சிஜன் கொறைஞ்சா ஹார்மோன் மாறி, ஒடம்பு தண்ணிய வெளிய தள்ளிருமுங்க. ரத்தம் பாலாட்டம் சுண்டிரும். இனி தானா சரியாயிருமுங்க."

வரும் வழியில் நிம்மதியாக இரண்டு இளநீர் குடித்தேன். நான் மலைக்குப் போனதை அவர் கண்டுபிடித்தது ரத்தத்தை வைத்தா, வெயிலில் தோலுரிந்திருந்த என் மூக்கை வைத்தா என்பது இன்றும் தெரியவில்லை.