லாக் மட்டும்

எங்கள் முதலாளி திருட்டுக்குப் பயந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். பணத் திருட்டு இல்லை, டிசைன் திருட்டு. பட்டு நெய்யும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு டிசைன் அடுத்த வீட்டுத் தறிக்குப் போக ஒரு ராத்திரி போதும் என்பார். அது பொய்யும் இல்லை. அதற்காக, நான் டிசைன் வரையும் கணினியில் பென்டிரைவ் செருகும் துளைகளை எல்லாம் பசை வைத்து அடைத்திருந்தார். இன்டர்நெட்டும் கிடையாது.

அப்போது தறியில் இருந்தது அவர் மகளின் முகூர்த்தப் புடவை. மாதக்கணக்கில் கண் எரிய வரைந்தேன். கணினியிலிருந்து கம்பி வழியாக டிசைன் தறிக்குப் போகும்; அது சொல்லும் இழைகளைத் தறி தூக்கிக் கொடுக்கும். புடவையின் உடல் கிட்டத்தட்ட நெய்தாகிவிட்டது. முந்தானை கணினிக்குள் மட்டுமே இருந்தது.

முதல் தடவை திரை நீலமாகி நின்றபோது கரண்ட்டைத் திட்டினேன். மறுநாளும் நின்றது. அதற்கப்புறம் தறி ஓடும்போதே நிற்க ஆரம்பித்தது. சென்னையில் இருக்கும் சர்வீஸ் தம்பிக்குப் போன் செய்தேன்.

"கிராஷ் ஆவும்போது சிஸ்டமே ஒரு லாக், அதாவது குறிப்பு, எழுதி வெச்சிருக்கும்க்கா. அத பென்டிரைவ்ல காப்பி பண்ணி அனுப்புங்க. எஜெக்ட் குடுத்துட்டு அப்புறமா புடுங்குங்க. அப்படியே டிசைனையும் எடுத்து வெச்சிடுங்க."

முதலாளியிடம் சொன்னேன். "லாக் மட்டும்தான்மா. டிசைன் வெளிய போவாது" என்றார். தானே கத்தியால் ஒரு துளையைச் சுரண்டித் திறந்தார். புது பென்டிரைவைக் கொடுத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

காப்பி ஓடிக்கொண்டிருந்தது. "எம்பொண்ணு பொடவைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். அந்த நேரம் பார்த்து டிக், டிக் என்று சத்தம் கேட்டது. உடனே மேசையை விரலால் தட்டினார்.

"பாத்தியாம்மா, பல்லியே சொல்லுது."

சுவரில் பல்லி இல்லை. "அண்ணா, அது பல்லி இல்லண்ணா. சத்தம் பொட்டிக்குள்ளேருந்து வருது. டிசைனயும் எடுத்துடறேன், நீங்களே வெச்சிக்கோங்க" என்றேன். திருடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்கேடும் கெடட்டும் என்று எஜெக்ட் கொடுத்தேன். பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துளையை மறுபடி அடைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். லாக்கை அவரே தன் லேப்டாப்பிலிருந்து அனுப்பினார்.

மதியம் தறி நின்றது. இந்த முறை திரை நீலமாகவில்லை, கறுத்துப்போனது. எத்தனை தரம் போட்டும் எழவில்லை. டிக், டிக் மட்டும் கேட்டது. அப்போதுதான் சர்வீஸ் தம்பியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"லாக்ல கிளியரா இருக்குதுக்கா. டிஸ்க் போவப்போவுது. மொதல்ல டிசைன எடுத்துடுங்க."

முதலாளி போனைக் கையில் வாங்கினார். அவர் குரல் அவ்வளவு சன்னமாக வந்து நான் கேட்டதில்லை.

"தம்பி, அந்த லாக்கு பத்திரமா இருக்குதுல்ல?"

"இருக்குது சார்."

"அதுலேருந்து டிசைன எடுக்க முடியுமாப்பா?"

"அதுல டிசைன் இருக்காது சார். சிஸ்டம் எப்படி செத்துதுன்னு மட்டும்தான் இருக்கும்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக டிஸ்கைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடினார். வெறுங்கையோடு திரும்பினார். மறுபடி வரைய முகூர்த்தத்துக்கு நாள் இல்லை. நெய்கிறவர் தறியை விட்டு இறங்கி வந்து, "முந்தானைக்கு என்னாத்த ஓட்டறது மொதலாளி?" என்று கேட்டார். முதலாளி தறியில் சுற்றியிருந்த புடவையைத் தடவிக்கொண்டே நின்றார். எனக்கு இருந்த கோபமெல்லாம் அதைப் பார்த்ததும் போய்விட்டது.

அந்த முந்தானையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று காத்தார். யாருமே பார்க்கவில்லை, அவர் மகள்கூட.