கோணல் பொறுக்காத டெஸ்லி

கோணலாக எதைக் கண்டாலும் டெஸ்லிக்குக் கை சும்மா இருக்காது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய் நிமிர்த்துவாள். ஹோபார்ட் நகரத்து நாடகக் கொட்டகைகளில் முப்பது வருடம் ஒலி பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் யாருடைய கணினியில் ஒலியை ஓட்டும் நிரல் படுத்துவிட்டாலும் மடிக்கணினி அவள் சமையலறை மேஜைக்குத்தான் வரும்.

அந்த மாதிரி நிரலில் எழுத்து வேலை குறைவு. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள்; பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்துவிட்டால் ஒலி அதன் வழியே ஓடும். டெஸ்லி இழுத்தால் கோலம் மாதிரி இருக்கும். அவளுடைய நெடுநாள் சிநேகிதன் அல்வின் இழுத்தால் இடியாப்பம்தான்.

அல்வின் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டியவன். அந்தக் கயிறுகளின் முனகலையும் கடற்காக்கைகளின் கத்தலையும் பதிவு செய்து இருபது நிமிட இசையாகக் கோத்திருந்தான். சனிக்கிழமை பழைய கம்பளிக் கிடங்கில் அரங்கேற்றம். அறுபத்தாறு வயதில் முதல் மேடை. ஆனால் ஒரு வாரமாக, சரியாக ஏழாவது நிமிடத்தில் நிரல் செத்து விழுந்தது. கடைசிப் பிரதியை மட்டும் தனியே எடுத்துவைத்து, கணினியை முழுக்கத் துடைத்துப் புதிதாக ஏற்றியும் பார்த்துவிட்டான். அதில் பழைய பிரதிகள் போனதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை காலை மடிக்கணினியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"பன்னெண்டு மணிக்கு கிடங்குக்கு ஃபோன் போட்டு என் பேரை எடுத்துடச் சொல்லப்போறேன். இது எனக்கு வராத வித்தை, டெஸ்லி. இனிமே இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டேன்."

"வாயை மூடிக்கிட்டு டீயைக் குடி. பன்னெண்டுக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் கிடக்கு."

முதலில் ஒரு பிரதி எடுத்துவைத்தாள். பிறகு பாதிக் கோடுகளை வெட்டிவிட்டு ஓட்டினாள். சாகவில்லை. அப்படியானால் கோளாறு வெட்டிய பாதியில். அதை மட்டும் சேர்த்து ஓட்டினாள், செத்தது. அதிலும் பாதியை வெட்டினாள். இப்படியே வெட்டி வெட்டி, பதினொன்றரைக்கு மூன்று பெட்டிகளில் வந்து நின்றாள்.

ஏழாவது நிமிடத்தில் முதல் பெட்டி மற்ற இரண்டுக்கும் சேதி அனுப்பும். ஒன்று கயிற்று ஒலியை நிறுத்தவேண்டும். மற்றது அந்தப் பதிவை எடுத்துவிட்டுக் காக்கைகளை ஏற்றவேண்டும். இந்த நிரலில் எந்தப் பெட்டி வலப்பக்கம் நிற்கிறதோ அதற்குத்தான் சேதி முதலில் போகும். நிறுத்தவேண்டிய பெட்டி இடப்பக்கம் நின்றதால் மற்றது முந்திக்கொண்டது. உட்கார்ந்திருப்பவனுக்கு அடியிலிருந்து நாற்காலியை உருவுகிற கதையாக, ஓடிக்கொண்டிருந்த பதிவையே பிடுங்கினால் நிரல் என்ன செய்யும், பாவம்.

பெட்டிகள் அளவுகோல் வைத்த மாதிரி ஒரே வரிசையில் நின்றன. அல்வின் ஜென்மத்தில் இரண்டு பெட்டிகளை நேராக நிறுத்தியதில்லை. போன வாரம் அவன் இவளைத் தன் வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் பால் வாங்கப் போயிருந்தபோது, கண்ணை உறுத்துகிறதே என்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியவள் அவளேதான். "ஓடுற நிரல்ல கை வைக்காதே" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள்! வெட்கத்தில் அவள் காதெல்லாம் சுட்டது.

பெட்டியைக் கட்டைவிரல் அகலம் நகர்த்திவிட்டு, கணினிக் கோளாறு என்று சொல்லிவிடலாம். அவன் நம்பிவிடுவான். தனக்கு வராத வித்தை என்பதையும் சாகும்வரை நம்புவான்.

அல்வின் ஃபோனைக் கையில் எடுத்தான்.

"அதைக் கீழ வை. தப்பு உன்னுது இல்ல, என்னுது. போன வாரம் நீ பால் வாங்கப் போனப்ப, அழகு பண்றேன்னு பெட்டியெல்லாம் நகர்த்துனேன். இந்த ரெண்டும் இடம் மாறிடுச்சு."

அல்வின் ஃபோனை மேஜையில் வைத்தான்.

"அப்ப நான் போட்டது?"

"சரியாத்தான் போட்டிருந்தே."

"கணினியையே துடைச்சேனேடி, படுபாவி!"

"திட்டு. நல்லா திட்டு."

அவன் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டு" என்றான்.

அவள் நிறுத்தவேண்டிய பெட்டியை வலப்பக்கம் தள்ளிவிட்டு ஓட்டினாள். ஏழாவது நிமிடத்தில் கயிறுகள் அடங்கின. காக்கைகள் சமையலறை முழுக்கக் கத்தின. இருபது நிமிடமும் ஓடியது. பன்னிரண்டு மணி ஆனதை இருவருமே கவனிக்கவில்லை.

"டெஸ்லி, அந்தப் பெட்டி வரிசையை விட்டுத் தள்ளிக் கோணலா நிக்குது பாரு" என்றான் அல்வின்.

டெஸ்லி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"நிக்கட்டும்."