நம்பர் பிளேட்டில் எழுதியிருந்த ரகசியம்

வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெட்ரோல் பங்க்கைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எங்கள் லோடு ஆட்டோ ஸ்டாண்டுக்கு அதுதான் பக்கம் என்பதால் பல வருடம் அங்கேயே டீசல் போட்டேன். பம்பு அடிப்பவனிடம் கார்டைக் கொடுத்தால் மிஷினை நம் கையில் தரமாட்டான். வண்டியின் முன்பக்கம் எட்டிப் பார்ப்பான். நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண்களைத் தானே அழுத்துவான். பணம் போய்விடும்.

எங்கள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் கார்டின் ரகசிய எண், அதாவது பின் நம்பர், அவரவர் வண்டி நம்பர்தான். அந்த யோசனையைக் கிளப்பியவன் என் மச்சான், மனைவியின் தம்பி. அவனும் லோடு ஆட்டோதான் ஓட்டுகிறான். வேறு எண் வைத்தால் நமக்கெல்லாம் மறந்துபோகும் என்றான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மறந்துவிடுவேன் என்று நானும் நம்பினேன்.

என் கார்டு சும்மா வந்ததில்லை. மகளை நர்சிங் படிக்கவைக்க வங்கியில் டெபாசிட் போட்டிருந்தேன். அதை ஈடாக வைத்துத்தான் கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். அதில் யார் என்ன வாங்கினாலும் கட்டவேண்டியது நான். கட்டாவிட்டால் டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஒருவர் வண்டியைப் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். கார்டு வண்டிக்குள் இருந்தது. திரும்பி வந்தபோது இல்லை. அன்று சாயங்காலமே ஆவடியில் ஒரு கடையில் அந்தக் கார்டில் பெரிய டிவி வாங்கியிருந்தார்கள். எடுத்தவன் எண்ணுக்காக மூளையைக் கசக்கியிருக்கமாட்டான். எங்கள் வழக்கம் அந்த வட்டாரத்துக்கே தெரியும், எண் வண்டியின் நெற்றியிலேயே எழுதியிருந்ததே. சரியான பின் நம்பர் போட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள், பணத்தை நீங்கள்தான் கட்டவேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே ஏடிஎம்முக்குப் போய் என் எண்ணை மாற்றினேன். கார்டைத் தட்டினாலே பணம் போகும் வசதியை மகள் போனில் நிறுத்திக் கொடுத்தாள். புது எண்ணை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த முறை பங்க்கில் அவன் வழக்கம்போல் எட்டிப் பார்த்து அழுத்தினான்.

"தப்பு நம்பர்னு வருது அண்ணாத்தே. பிளேட்ட மாத்திக்கினியா?"

"மிஷினக் குடு. நானே போடுறேன்."

"இன்னா புதுசா கீது? நம்பர சொல்லு, நான் போடுறேன். பின்னாடி வண்டி நிக்குது பாரு."

பின்னால் நின்றது மச்சான் வண்டி. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"இன்னா மாமா, ராக்கெட்டா வுடப் போற? நம்பர சொல்லிட்டு கெளம்பு."

"மாத்திட்டேன்."

"மாத்துனா இன்னா, புதுச சொல்லு."

"சொல்லமாட்டேன்."

பம்பு அடிப்பவன் முகம் மாறியது. "அப்ப நான் திருடனா?"

நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"உன் கார்ட்ட வெச்சி நாங்க இன்னா, நூம்பல் ஏரியாவுல ஊடா கட்டப் போறோம்?" என்றான் மச்சான். "மானத்த வாங்காத மாமா."

பம்பு அடிப்பவன் மிஷினை என் கையில் அடிப்பதுபோல் வைத்தான். இடது கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தினேன். "கல்யாணப் பொண்ணு மாதிரி மூடிக்கிறாரு பாரு" என்று யாரோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னும் இரண்டு முறை தப்பாகப் போட்டால் கார்டு பூட்டிக்கொள்ளும். ஒரே தடவையில் பில் வந்தது.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது.

"நம்ம ஆளுங்கள போயி சந்தேகப்பட்டுகினு" என்றாள் மனைவி. "சரி, எனக்காச்சும் சொல்லு."

அவளிடம் சொன்னால் தம்பிக்குப் போகும். நான் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஸ்டாண்டில் மச்சான் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "எங்கள நம்பாதவன் எங்க வரிசையில இன்னாத்துக்கு நிக்கணும்?"

டிவிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த அந்த மூத்த டிரைவரும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை. "நீங்களும் மாத்திடுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று வண்டியை எடுத்துவிட்டேன். அதன்பிறகு ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு டைல்ஸ் கடை வாசலில் தனியாக நிறுத்தினேன். லோடு குறைவு. வெயில் அதிகம். டீசல் போட வேறு பங்க். அங்கேயும் எண்ணைக் கேட்டார்கள், அங்கேயும் முறைத்தார்கள். மிஷின் கைக்கு வரும்வரை நகரமாட்டேன்.

கல்லூரி திறக்கும் முன் கார்டை வங்கியில் ஒப்படைத்து டெபாசிட்டை எடுத்தேன். ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. மகளுக்கு ஃபீஸ் கட்டியாயிற்று. அன்று மாலை மனைவி ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்தாள்.

"தம்பி ஊட்டுக்கு ஒரு பாக்ஸ் குடுத்துட்டு வா. நீ போனா எல்லாம் சரியாப் பூடும்."

"நீ போ. நான் வரல."

"இன்னும் எத்தினி நாளைக்கு?"

அவள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். நான் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வண்டியைக் கழுவ ஆரம்பித்தேன்.