தட்டுகளில் நின்ற தண்ணீர்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் வேலை போய் வீட்டுக் கடன் தவணை நிற்பதுவரை நினைத்து முடித்துவிடுவேன். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்தான் அதற்கு ஒரு வழி சொன்னார்.

"வீட்டுல காய்கறி போட்டுப் பாருங்க அண்ணே. டென்ஷன் எல்லாம் போயிரும்லா."

போட்டேன். கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டின் முன்னால், கார் நிறுத்தும் இடத்தில், பதினான்கு தொட்டிகள். கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய். டென்ஷன் போகவில்லை. செடிகளுக்கும் சேர்த்துக் கவலைப்பட ஆரம்பித்தேன். ஓர் இலை சுருண்டால் எனக்குச் சோறு இறங்காது. தண்ணீர்த் தடை என்று அறிவிப்பு வந்தால் தூக்கம் போய்விடும். நான் வேலைக்குப் போன நேரத்தில் வேர் காய்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் ஒரு தட்டை வைத்தேன். தினமும் காலையில் அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ரயிலேறப் போவேன்.

"கைப்பிள்ளைக்குப் பால் கலக்கி வெச்சிட்டுப் போற மாதிரியே இருக்கு" என்று மனைவி கிண்டலடிப்பாள்.

மாலையில் திரும்பி வந்தால் தட்டுகள் சுத்தமாகக் காய்ந்து கிடக்கும். என் செடிகள் என்னமாய்க் குடிக்கின்றன என்று பெருமையாக இருக்கும். அலுவலகத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

இடையில் தன் தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக மனைவி பத்து நாள் ரவாங் போயிருந்தாள். அந்தப் பத்து நாளும் தட்டுகளில் தண்ணீர் குறையவே இல்லை. செடிகளுக்கு ஏதோ நோய் என்று பயந்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தேன். தட்டைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. அவள் திரும்பி வந்ததும் மறுபடி குடிக்க ஆரம்பித்தன. அப்பாடா என்று இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் இரத்தப் பரிசோதனையில் டெங்கி என்றார்கள். பிளேட்லெட் இறங்குகிறது என்று மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க அன்று மாலை வீட்டுக்கு வந்தேன். கத்தரித் தொட்டியின் தட்டில் ஏதோ அசைந்தது. குனிந்தேன். நூல் நூலாகக் கொசுப்புழுக்கள். அடுத்த தட்டிலும் இருந்தன.

நான் வைத்த தட்டு. நான் ஊற்றிய தண்ணீர். தண்ணீரை மட்டும் கொட்டியிருக்கலாம், மூளை அதுவரை போகவில்லை. பூவும் பிஞ்சுமாக நின்ற பதினான்கு செடிகளையும் வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் கட்டினேன். அவள் துணியை எடுக்க மறந்து, பாதி வழியில் திரும்பி வந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேனே தவிர முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என் கையால்தான் என்ற ஒரே நினைப்பு. மூன்றாம் நாள் இறக்கம் நின்றது. பிறகு மெல்ல ஏறியது. மேலும் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காரிலிருந்து இறங்கியவள் காலித் தொட்டிகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"கத்தரி பூ விட்டிருந்துச்சே. எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். என்னால்தான் உனக்கு இப்படி ஆயிற்று என்று சொல்லும்போது அழுதேவிட்டேன்.

"எந்தக் கொசு கடிச்சிச்சோ, யாருக்குத் தெரியும்? புழுவ நான் ஆரம்பத்துலயே பாத்துட்டேன். நீங்க வேலைக்குப் போனதும் தினம் தண்ணிய மண்ணுல ஊத்திட்டு, தட்டத் தேச்சுக் கழுவிக் கவுத்துருவேன். சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள திருப்பி வெச்சிருவேன். ரவாங் போன பத்து நாளும், காய்ச்சல்ல படுத்த பிறகும்தான் முடியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுருவீங்க. அதுங்கள பாக்குறப்பதான் உங்க மூஞ்சில கொஞ்சம் சிரிப்பே இருந்துச்சு."

வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறவன் நான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போது மறுபடி வெண்டை போட்டிருக்கிறேன். தட்டுகள் இல்லை. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவள் லேசாக இருமினாலும் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஆனால் எதையாவது பிடுங்கக் கை போனால், முதலில் உள்ளே போய் அவளைக் கேட்கிறேன்.